மூளைக்கென்று தனிச் சாப்பாடு உண்டா?

1905ஆம் ஆண்டின் கடைசியில் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு சோதனை தொடங்கியது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்த நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்கு நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசிச் சோறு, இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசிச் சோறு. அரிசி மட்டும்தான் வித்தியாசம். அங்கே பரவியிருந்த பெரிபெரி என்ற நரம்பு நோய் ஒருவேளை கட்டடத்திலிருந்து வருகிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, பாதி வழியில் இரு பிரிவினரின் கூடங்களையும் மாற்றிப் போட்டார். ஓராண்டில் விடை தெரிந்துவிட்டது. வெள்ளை அரிசி தின்றவர்களில் பலருக்கு பெரிபெரி வந்தது, இறந்தவர்களும் உண்டு. எந்தக் கூடத்தில் இருந்தாலும் புழுங்கலரிசிக்காரர்களை அந்த நோய் ஏறக்குறைய அண்டவே இல்லை. 1907இல் இந்த முடிவுகள் லான்செட் இதழில் வெளியாயின. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி தராது என்பது வேறு விஷயம்.

அதே காலத்தில் நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன், தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கும் இடங்களில் பெரிபெரி அரிதாக இருப்பதையும், வெள்ளை அரிசி தின்னும் சீனச் சுரங்கத் தொழிலாளர்களை அது கொத்துக் கொத்தாகப் பிடிப்பதையும் கவனித்து எழுதினார். காரணம் பின்னால் விளங்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போய்விடாது. அந்த வைட்டமினைத் தனியே பிரித்தெடுத்தது 1926இல், பக்கத்தில் ஜாவாவில்.

இதைப் படித்ததும் 'நம் முன்னோர்கள் அறிவாளிகள்' என்று வாட்ஸப்பில் அனுப்பத் தோன்றும். அவர்கள் பி1ஐ நினைத்துப் புழுங்கலரிசி தின்னவில்லை. ஊரில் தின்றதைத்தான் இங்கேயும் தின்றார்கள், அது வாய்ப்பாக அமைந்தது. இந்தக் கதையை நான் எடுத்ததற்குக் காரணம் வேறு. உணவுக்கும் நரம்புக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு இதே கோலாலம்பூரில் இவ்வளவு பளிச்சென்று நிரூபிக்கப்பட்டதால், ஒரு நோய்க்கு ஒரு குறைபாடு, அதைக் கொடுத்தால் நோய் போய்விடும் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊன்றிவிட்டது. வயதான காலத்து மறதிக்கும் அப்படி ஒரு பொருள் எங்கேயோ இருக்கிறது என்று மஸ்ஜித் இந்தியா கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறோம். வல்லாரை மாத்திரையா, மஞ்சள் மாத்திரையா என்பதுதான் கேள்வியாக இருக்கிறது.

பி1 குறைந்தால் ஞாபகசக்தி அடியோடு போவதும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வருடக்கணக்காக அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கு உடலில் பி1 சேராமல் போய், புதிதாக எதையுமே மனதில் நிறுத்த முடியாத நிலை வரும். தோட்டத்திலும் பிறகு பட்டணத்துக் குடியிருப்புகளிலும் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்று நமக்குத் தெரியும். ஈரல் கெட்டதைப் பற்றிப் பேசினோம், குடும்பம் கெட்டதைப் பற்றிப் பேசினோம். மூளை கெட்டதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.

மறதி நோய் எப்படி வருகிறது?

டிமென்ஷியா என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியத் தொடங்கி, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துத்தான் மறதி வெளியே தெரிகிறது. அடுத்தது இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது. மூளை நம் எடையில் 2 விழுக்காடுதான், ஆனால் உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை மயிரிழை போன்ற நுண்குழாய்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் முதலில் பாழாக்குவது அவற்றைத்தான். கண், சிறுநீரகம், கால் விரல் என்று மற்ற இடங்களில் நடப்பதேதான் மூளைக்குள்ளும் நடக்கிறது, வலிக்காததால் தெரிவதில்லை. பல முதியவர்களுக்கு அமிலாய்டும் குழாய்ச் சேதமும் இரண்டுமே கலந்திருக்கும்.

2024இல் லான்செட் ஆணையம் வெளியிட்ட அறிக்கையில், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகின் டிமென்ஷியாவில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். அதில் 'உணவு' என்று ஒரு வரி இல்லை. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது, இரத்தக் கொதிப்பு இருக்கிறது, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், அளவு மீறிய மது எல்லாம் இருக்கின்றன. காது கேளாமை, படிப்புக் குறைவு, புகை, தனிமை, மனச்சோர்வு, காற்று மாசு போன்றவை மீதி. ஆக, சாப்பாடு மூளையைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நேர்வழியில் இல்லை. இரத்தத்தையும் குழாயையும் எடையையும் சரியாக வைத்து, அந்த வழியாகக் காப்பாற்றுகிறது. மூளைக்கென்று தனிச் சாப்பாடு தேடுவதை விட்டுவிட்டு, இனிப்பு நீருக்கும் கொதிப்புக்கும் என்ன சாப்பாடோ அதையே ஒழுங்காகச் சாப்பிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

மலேசிய இந்தியர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2018இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும் என்று தெரிந்தது. 2019இல் நடந்த ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. இனிப்பு நீர் உள்ளவருக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று உலகெங்கும் பல ஆய்வுகள் சொல்கின்றன. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், பிரிக்ஃபீல்ட்ஸிலும் செந்தூலிலும் எதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தேநீரும் வாழையிலையும்

முதலில் தேநீர். கண்டென்ஸ்ட் மில்க் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 10 கிராம் சீனி இருக்கிறது. கடையில் தே தாரிக் போடுகிறவர் கரண்டியால் அளப்பதில்லை, டின்னைச் சாய்த்து ஊற்றுகிறார். இரண்டு கரண்டிக்குக் குறையாது. காலையில் பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு வேலையிடத்தில் ஒன்று, சாயங்காலம் மாமாக் கடையில் நண்பர்களோடு ஒன்று என்றால், வேறு எந்த இனிப்பும் தொடாமலேயே 60 கிராம் சீனி உள்ளே போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு மேல் வரம்பாகச் சொல்வது சுமார் 50 கிராம், அதையும் பாதியாகக் குறைத்தால் நல்லது என்கிறது. கடையில் விற்கும் பல டின்களில் இருப்பது அசல் பாலும் அல்ல. பாமாயிலும் பால் தூளும் சீனியும் கலந்த கிரீமர் அது, டின்னில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். 2019 ஜூலை முதல் அரசாங்கம் சீனி கலந்த பானங்களுக்கு வரி போட்டது, ஆனால் அது போத்தலிலும் டப்பாவிலும் அடைத்து விற்பவற்றுக்குத்தான். கண்முன்னால் ஆற்றித் தரும் தேநீரை அந்த வரி தொடவில்லை.

தேநீரை விடச் சொல்லவில்லை. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் என்று கேட்டால் எந்தக் கடையிலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். அது முதல் வாரம் கசக்கும். முடியாதவர்கள் 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லலாம். ஆனால் அது கடைக்காரரின் கை அளவு, ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று. வீட்டில் சாதாரணப் பாலில் போட்டு, சீனியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைப்பதுதான் நிலைக்கிறது. வீட்டில் பெரியவர்களுக்குச் சத்துக்கு என்று மைலோ கலக்கும்போது அதிலும் கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றுகிறோம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது இலை. பிரிக்ஃபீல்ட்ஸில் மத்தியானம் வாழையிலையில் உட்கார்ந்தால் கூட்டு, பொரியல், கீரை, பருப்பு, ரசம், மோர் எல்லாம் வருகின்றன. ஊட்டச்சத்து நிபுணர்கள் வரைந்து காட்டும் தட்டில் இருப்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே நம் இலையில் உண்டு. கோளாறு அளவில்தான். சுகாதார அமைச்சு மலாயில் 'சுக்கு சுக்கு செபாரோ' (கால், கால், பாதி) என்று சொல்லும் கணக்குப்படி கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். நம் இலையில் பாதிக்கு மேல் சோறு, ஓரத்தில் மூன்று கரண்டி காய், அதில் ஒன்று எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய். 2019 ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய காயும் பழமும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததில் வியப்பில்லை. இரண்டாம் முறை சோறு கொண்டுவரும்போது இலையை மறைத்துக்கொண்டு, அதற்குப் பதில் கூட்டைக் கேட்டு வாங்கலாம். அநேகமாகக் கூடுதல் காசு கேட்கமாட்டார்கள். புழுங்கலரிசி சர்க்கரையை வெள்ளை அரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும், அது உண்மைதான். அதற்காக இரண்டு மடங்கு போட்டுக்கொண்டால் அந்த நன்மை காணாமல் போய்விடும்.

உப்பைப் பற்றி வீடுகளில் பேச்சே எழுவதில்லை. 2017-18இல் மலேசியர்களின் சிறுநீரைச் சோதித்து அளந்தபோது சராசரியாக ஒருவர் நாளுக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுவது தெரிந்தது, வரம்பு 5 கிராம். நம் வீட்டில் அது குழம்பில் மட்டும் இல்லை. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், சோயா சாஸ், பிள்ளைகளோடு சேர்ந்து தாத்தாவும் சாப்பிடும் பாக்கெட் மீ என்று பல பக்கமிருந்து வருகிறது. உப்பு கொதிப்பை ஏற்றுகிறது, கொதிப்பு மூளைக் குழாய்களைக் கெடுக்கிறது. இந்தச் சங்கிலிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 9,000க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் மூளை தொடர்பான முடிவுகள் 2019இல் வந்தன. இரத்தக் கொதிப்பின் மேல் அளவை மருந்தால் 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில், 140ஐ இலக்காக வைத்த பிரிவைவிட, டிமென்ஷியாவுக்கு முந்தைய கட்டமான லேசான மறதி 19 விழுக்காடு குறைவாக இருந்தது. அது மருந்தால் வந்த பலன், உணவால் அல்ல. உப்பைக் குறைப்பதும் மருந்தை ஒழுங்காக விழுங்குவதும் ஒரே இலக்கை நோக்கித்தான். இதற்காக 'குறைந்த சோடியம் உப்பு' வாங்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அதில் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

சிகாகோ பட்டியலும் அதன் மறுபக்கமும்

மூளைக்கான உணவுமுறை என்று இணையத்தில் எதைத் தேடினாலும் 'மைண்ட்' என்ற பெயர் வரும். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்த்தா கிளேர் மோரிஸ் 2015இல் கொண்டுவந்தது. பத்து நல்ல பொருள்கள், குறைக்க வேண்டிய ஐந்து. கீரை வாரத்துக்கு ஆறு முறையாவது, மற்ற காய் தினமும், பயறு வகைகள், கொட்டைகள், முழுத் தானியம், பெர்ரிப் பழங்கள், வாரம் ஒருமுறையாவது மீன், கோழி, ஆலிவ் எண்ணெய். குறைக்க வேண்டியவை சிவப்பு இறைச்சி, வெண்ணெய், சீஸ், இனிப்புப் பலகாரம், பொரித்த உணவு. தினம் ஒரு கிளாஸ் வைனும் அன்றைய பட்டியலில் இருந்தது, இன்றைக்கு யாரும் மூளைக்காகக் குடிக்கத் தொடங்கச் சொல்வதில்லை. 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்ததில், இதை அதிகம் கடைப்பிடித்த மூன்றிலொரு பகுதியினருக்கு, மிகக் குறைவாகக் கடைப்பிடித்த மூன்றிலொரு பகுதியினரைவிட, அல்சைமர் 53 விழுக்காடு குறைவாக வந்திருந்தது. பத்திரிகைகள் அதைத்தான் தலைப்பாக்கின.

ஆனால் அது கவனித்துச் சொன்ன கணக்கு. கீரை நிறையச் சாப்பிடுகிறவர் நடக்கவும் செய்வார், புகைக்கமாட்டார், படித்திருப்பார், மருந்தைத் தவறவிடமாட்டார். எதனால் மூளை தப்பித்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் 604 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மைண்ட் உணவு, மற்றதற்கு வழக்கமான உணவு, இரண்டிலும் கொஞ்சம் கலோரி குறைப்பு என்று மூன்று ஆண்டுகள் சோதித்தார்கள். முடிவு 2023இல் வந்தது. இரண்டு பிரிவுக்கும் இடையில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இந்தச் செய்தி 53 விழுக்காட்டின் கால்வாசி தூரம்கூடப் பரவவில்லை. இதனால் உணவு வீண் என்று முடிவுகட்டவும் முடியாது. இரண்டு பிரிவினருமே எடை குறைந்தார்கள், இரண்டு பிரிவினரின் ஞாபகமும் கொஞ்சம் தேறியது, இருபது ஆண்டுகளில் வளரும் நோய்க்கு மூன்று ஆண்டுகள் குறைவு. என் கணிப்பில் இதன் பொருள் இவ்வளவுதான்: 70 வயதில் புளூபெர்ரி தின்னத் தொடங்கி மூன்றே வருடத்தில் பலன் எதிர்பார்ப்பது வீண், 45 வயதில் சாப்பாட்டை ஒழுங்குபடுத்துவது வீண் அல்ல.

அந்தப் பட்டியலை அப்படியே கோலாலம்பூருக்குக் கொண்டுவர வேண்டிய தேவையும் இல்லை. கீரை நமக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்கீரை வேலியோரம் கிடைக்கிறது, தண்டுக்கீரை, கங்கோங், சாவி எல்லாம் சௌகிட் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. மோரிஸின் குழு 2018இல் 960 பேரிடம் பார்த்ததில், தினம் ஒரு கிண்ணம் கீரை சாப்பிட்டவர்களின் ஞாபகம் சாப்பிடாதவர்களைவிட 11 வயது இளமையாக இருந்ததாம். இதுவும் கவனித்துச் சொன்ன கணக்குதான், இருந்தாலும் கீரையால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சால்மன் வாங்கத் தேவையில்லை. கெம்போங் மீனிலும் மத்தியிலும் ஒமேகா 3 நன்றாகவே இருக்கிறது. பொரிக்காமல் குழம்பிலோ அவித்தோ சாப்பிட்டால் போதும். பயறு விஷயத்தில் நாம் அமெரிக்கர்களுக்கே பாடம் எடுக்கலாம்: சாம்பார், சுண்டல், பாசிப்பயறு, இந்த மண்ணின் தெம்பே. பெர்ரிக்கு ஈடாக எந்த உள்ளூர்ப் பழம் என்று நிரூபித்த ஆய்வு எதையும் நான் காட்ட முடியாது. கொய்யாவையும் பப்பாளியையும் சாறு பிழியாமல் கடித்துச் சாப்பிடுவது குழாய்களுக்கு நல்லது, அதோடு நிறுத்திக்கொள்கிறேன். எண்ணெயில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகாத வீட்டில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டையும் அளவாக ஊற்றலாம். நெய்யும் தேங்காய்ப் பாலும் விசேஷ நாளுக்கு இருக்கட்டும்.

சாப்பாட்டை மட்டும் தனியாகப் பிடித்துத் தொங்குவதைவிட மற்றதோடு சேர்த்தால் பலன் தெரிகிறது. பின்லாந்தில் மீயா கிவிபெல்தோ தலைமையில் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு 2015இல் அதைக் காட்டியது. 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேர், இரண்டு ஆண்டுகள். ஒரு பிரிவுக்கு உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, கொதிப்பு-கொழுப்பு-சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தாற்போல். அவர்களின் அறிவாற்றல் மதிப்பெண் மற்ற பிரிவைவிட 25 விழுக்காடு அதிகமாக முன்னேறியது. அமெரிக்காவில் இதே பாணியில் 2,111 பேரிடம் நடந்த ஆய்வும் 2025இல் சாதகமான முடிவையே தந்தது. இங்கே மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுசானா ஷாஹார் குழுவினர் 2,300க்கு மேற்பட்ட மலேசிய முதியவர்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். நம் சோறும் நம் கறியும் நம் வெயிலும் சேர்ந்த கணக்கு அங்கிருந்துதான் வர வேண்டும், பின்லாந்திலிருந்து வராது.

மாத்திரைக் கடை

சரி, வல்லாரைக்கு வருவோம். மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமோடு பச்சையாகத் தின்கிறார்கள், நாம் துவையல் அரைக்கிறோம். ஒரு கீரையாக அது நல்ல கீரை. ஞாபகத்தைக் கூட்டுமா என்று மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, உறுதியாகச் சொல்லப் போதாதவை. மஞ்சளுக்குப் பின்னால் பெரிய கதையே உண்டு. 2001 வாக்கில் ஹரியானாவின் கிராமப்புறத்தில் அல்சைமர் மிகக் குறைவு என்று ஒரு ஆய்வு வந்ததும், இந்தியர்கள் மஞ்சள் தின்பதால்தான் என்று உலகம் முழுக்கப் பேச்சு பரவியது. 2023இல் இந்தியா முழுவதையும் அளந்து பார்த்தபோது 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று வந்தது. அத்தனை பேரும் மஞ்சள் போட்டுத்தான் சமைக்கிறார்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குச் சரியாக ஏறுவதே இல்லை. ஏற்றுவதற்காக மிளகுச் சத்து கலந்து செறிவாக்கிய மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஆஸ்திரேலிய அரசே எச்சரித்திருக்கிறது. ரசத்தில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் தேவையில்லை.

ஜிங்கோ இலை மாத்திரையை 3,069 பேரிடம் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சோதித்தார்கள், 2008இல் முடிவு வந்தது: டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைச் சேர்த்து விழுங்குவது ஆபத்தும்கூட. தேங்காய் எண்ணெய் குடித்தால் அல்சைமர் குணமாகும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, அதன் கொழுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் உறைகொழுப்பு. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண பல்வைட்டமின் மாத்திரை முதியவர்களின் ஞாபகத்தைச் சிறிதளவு கூட்டியதாக அமெரிக்காவில் 2022, 2023இல் சில சோதனை முடிவுகள் வந்தன. அது டிமென்ஷியாவைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி, டிமென்ஷியா வராமலிருக்க என்று பி, இ வைட்டமின்களையோ ஒமேகா எண்ணெய் மாத்திரைகளையோ பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

இதற்கு ஒரே பெரிய விதிவிலக்கு பி12. ஃபிளெட்சரின் அரிசிக் கதை போல ஒரு குறைபாடு, ஒரு மருந்து என்று இன்றும் சரியாகப் பொருந்தும் இடம் இது. பி12 குறைந்தால் மறதி, குழப்பம், பாதத்தில் எரிச்சல், நடையில் தள்ளாட்டம் எல்லாம் வரும், அதைப் பார்த்து வீட்டில் 'வயசாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். யாருக்குக் குறையும்? முட்டையும் பாலும்கூடத் தொடாத சைவர்களுக்கு, ஏனென்றால் தாவரங்களில் பி12 கிடையாது. வயதானவர்களுக்கு, ஏனென்றால் வயிற்று அமிலம் குறைந்து உணவிலிருந்து அது பிரிவதில்லை. இன்னொன்று மெட்ஃபார்மின். இனிப்பு நீருக்கு இந்நாட்டில் மிகப் பரவலாகக் கொடுக்கப்படும் மாத்திரை, பல ஆண்டுகள் சாப்பிட்டால் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும். சைவம், வயது 70, பதினைந்து வருடமாக மெட்ஃபார்மின் என்று மூன்றும் சேர்ந்த ஒரு பாட்டி நம் உறவில் எங்கேயாவது கட்டாயம் இருப்பார். அதற்காக மெட்ஃபார்மினை நிறுத்தக் கூடாது. ஓர் இரத்தச் சோதனை, குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெருமளவு சரியாகும், ரொம்பத் தள்ளிப்போட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடும்.

எழுபதுக்குப் பிறகு கணக்கு மாறுகிறது

இதுவரை குறை, குறை என்றே எழுதிவந்தேன். அது நடுவயதுக்காரர்களுக்கு. எழுபது, எழுபத்தைந்து தாண்டியவருக்கு அதையே அப்படியே சொன்னால் கெடுதலாகிவிடும். நடுவயதில் பருமன் மூளைக்கு ஆபத்து, முதுமையில் காரணமில்லாமல் எடை குறைவதுதான் ஆபத்தின் அறிகுறி. சில சமயம் மறதி தெரிவதற்கு முன்பே எடை இறங்கத் தொடங்கிவிடும். பல் போனதால் மென்று தின்ன முடியாமல் கஞ்சி, பிஸ்கட், மைலோ என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அடுக்குமாடி வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கும் அப்பா இரண்டு ரொட்டித் துண்டைத் தேநீரில் தோய்த்து மத்தியானத்தைக் கழித்துவிடுவார். அதில் புரதம் எங்கே? முதியவர்களுக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராமுக்கு மேல் புரதம் தேவை, 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்கு மேல். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. கஞ்சியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றலாம், முள் நீக்கிய மீனை மசித்துப் போடலாம், பருப்பைக் கெட்டியாக வைக்கலாம். பல்செட் பொருந்தவில்லை என்றால் அதைச் சரிசெய்வதும் மூளைக்குச் செய்யும் உபகாரம்தான்.

இன்னொரு விஷயம் விரதம். கிளிக்லசைட் மாதிரியான மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஒருவர் சஷ்டிக்கும் புரட்டாசிச் சனிக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். அப்படி அடிக்கடி தாழ்வதும் மூளையைச் சேதப்படுத்தும். 'சர்க்கரை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது' என்று பிள்ளைகள் வீட்டில் கெடுபிடி செய்வதாலும் இதே நிலை வருகிறது. முதியவர்களுக்கு மருத்துவர்கள் சர்க்கரை இலக்கைக் கொஞ்சம் தளர்த்தியே வைக்கிறார்கள், காரணத்தோடுதான். விரதத்துக்கு முன்பே மருந்தின் நேரத்தையும் அளவையும் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளிக்கு (ரிங்கிட்) பார்க்கும் அரசு கிளினிக்கில் அப்பா அம்மாவோடு உள்ளே போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கையோடு எழுதிக்கொண்டு போகலாம். ஆறு மாதத்துக்கு முன்பு என்ன எடை, இப்போது என்ன எடை. கடையில் வாங்கி விழுங்கும் 'ஞாபக மாத்திரை' உட்பட என்னென்ன மாத்திரைகள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அப்படியே, அம்மா எத்தனை வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், பி12 பார்க்க வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.